வண்டி நின்னாலும் ஆட்டம் நிக்கலையா? கேம்பர் டிரெய்லருக்கு காவிரி டெல்டா கத்துத்தரும் 6 பாடங்கள்!

கேரவன் என்றாலே ஷூட்டிங் ஸ்பாட்டில் ஹீரோ ஏறி இறங்கும் வண்டி என்று நினைத்த காலம் போய்விட்டது. கேரளா 2021-ல் கேரவன் சுற்றுலாவுக்கென்றே தனித் திட்டம் அறிவித்தது. தமிழ்நாட்டின் 2023 சுற்றுலாக் கொள்கையிலும் கேரவன் சுற்றுலாவுக்கு இடம் உண்டு. காருக்குப் பின்னால் ஒரு குட்டி கேம்பர் டிரெய்லரை மாட்டிக்கொண்டு தஞ்சைப் பெரிய கோயில், கல்லணை, தரங்கம்பாடி என்று சுற்றிவரும் ஆசை உங்களுக்கும் இருக்கலாம்.

ஆனால், ரீல்ஸில் யாரும் காட்டாத ஒரு விஷயம் இருக்கிறது. நிறுத்திவைத்த பிறகும் டிரெய்லர் ஆடும். அப்பா ராத்திரி ஒருமுறை புரண்டு படுத்தால், மேலே படுத்திருக்கும் தங்கச்சி முழித்துக்கொள்வாள். அடுப்பில் வைத்த பால் தளும்பும். முழங்கால் வலியோடு வரும் பாட்டி, ஒவ்வொரு அடிக்கும் எதையாவது பிடித்துக்கொண்டே நடப்பார். அதோடு நிற்கும் பிரச்னையும் இல்லை இது. டெல்டாவில் சாலைக்குப் பக்கத்திலேயே வாய்க்கால் ஓடும். சரியாக நிறுத்தாத டிரெய்லர் உருள ஆரம்பித்தால், தூக்கம் கெடுவதெல்லாம் சின்ன விஷயமாகிவிடும்.

"நாலு மூலைக்கும் நாலு ஜாக் வெச்சா முடிஞ்சுது!" என்பதுதான் பலரும் சொல்லும் தீர்வு. வைத்துப் பார்த்தால் பாதி ஆட்டம் அப்படியே இருக்கும். ஏனென்றால், ஆட்டம் ஒரே வகை கிடையாது. அதற்கான மருந்தும் ஒன்று கிடையாது. நல்லவேளையாக, ஒவ்வொரு வகைக்குமான விடை டெல்டாவில் நாம் தினமும் பார்க்கும் பொருள்களிலேயே இருக்கிறது.

எந்த ஆட்டம் உங்க ஆட்டம்?

தஞ்சாவூர் தலையாட்டி பொம்மைகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று, அடிப்பாகம் உருண்டையாக இருக்கும் ராஜா, ராணி பொம்மை. கனமெல்லாம் அடியில் இருப்பதால், எந்தப் பக்கம் தள்ளினாலும் முழுப் பொம்மையும் சாய்ந்து, திரும்ப எழுந்துவிடும். இன்னொன்று, நடன மங்கை. அதன் அடிப்பாகம் அசையாமல் நிற்கும். பாவாடை, உடம்பு, தலை என ஒவ்வொன்றும் ஒரு முனையில் தாங்கி நிற்பதால், மேலே மட்டும் ஆடிக்கொண்டே இருக்கும்.

கேம்பர் டிரெய்லர் இந்த இரண்டு பொம்மைகளும் சேர்ந்த கலவை. கீழே காற்றடைத்த டயர். அது உருளும், அமுங்கும். அதற்கு மேலே ஸ்பிரிங். சாலையில் பள்ளம் மேட்டை வாங்கிக்கொள்ள வேண்டும் என்பதற்காகவே வைத்தது. நிறுத்திய பிறகு அந்த ஸ்பிரிங்குக்கு 'வேலை முடிஞ்சுது' என்று தெரியாது. உங்கள் ஒவ்வொரு அடியையும் பள்ளம் மேடாகவே நினைத்துக்கொள்ளும்.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. நாம் சாதாரணமாக நடக்கும்போது விநாடிக்கு ஏறக்குறைய 2 அடி வைக்கிறோம். டிரெய்லர் ஸ்பிரிங்கின் இயல்பான ஆட்டமும் அந்தக் கணக்குக்குப் பக்கத்தில் வந்துவிட்டால், ஊஞ்சலைச் சரியான நேரம் பார்த்துத் தள்ளியது மாதிரி ஆகிவிடும். சின்ன அடிக்குக்கூட பெரிய ஆட்டம் கிளம்பும்.

முதலில் உங்கள் டிரெய்லரில் எது ஆடுகிறது என்று பாருங்கள். உள்ளே மேஜையில் முக்கால் டம்ளர் தண்ணீர் வையுங்கள். ஒருவரை நடக்கச் சொல்லிவிட்டு, போனில் ஸ்லோ மோஷனில் தண்ணீரைப் படம் பிடியுங்கள். தண்ணீர் முன்னும் பின்னும் போனால், சக்கரம் உருளப் பார்க்கிறது. இடமும் வலமும் போனால், உடம்பு பக்கவாட்டில் சாய்கிறது. மொத்தமாகத் துள்ளினால், ஸ்பிரிங் வேலை செய்கிறது. இனி பாடங்களுக்குப் போவோம். வரிசை முக்கியம், மாற்றிச் செய்தால் பலன் பாதிதான்.

1. தரை: களத்துமேடு சொல்லும் பாடம்

டெல்டா மண் காவிரி கொண்டுவந்து போட்ட வண்டல். பல இடங்களில் களி அதிகம். ஈரத்தில் ஊறி இளகும். வெயிலில் சுருங்கி வெடிக்கும். மேலே காய்ந்து பாளம் பாளமாக இருந்தாலும், கொஞ்சம் கீழே ஈரம் இருக்கலாம். காலையில் மட்டமாக நிறுத்திய டிரெய்லர், மாலையில் ஒரு பக்கம் இறங்கியிருப்பதற்கு இதுதான் காரணம்.

நிறுத்தும் முன் குதிகாலால் தரையை ஓங்கி மிதித்துப் பாருங்கள். குழி விழுந்தால், வேறு இடம் தேடுங்கள். வாய்க்கால் கரை போட்டோவுக்கு அழகு. ஆனால், கரையின் ஓரம் எப்போதுமே இளகிய மண். ஆற்றுப் படுகைக்குள் வண்டியை இறக்கவே வேண்டாம். மேலே எங்கோ தண்ணீர் திறந்தால், நீங்கள் தூங்கும் நேரத்தில் அது வந்து சேரும்.

டெல்டாவில் நல்ல தரை எது என்று கேட்டால், களத்துமேடுதான். நெல் அடித்து, காயவைத்து, தலைமுறைகளாக மிதித்து இறுகிய இடம். சிமென்ட் களம் என்றால் இன்னும் நல்லது. உரிமையாளரிடம் கேட்டுவிட்டு நிறுத்துங்கள். அறுவடை நேரத்தில் மட்டும் அந்தப் பக்கமே போக வேண்டாம். அங்கே நெல்லுக்குத்தான் முதல் உரிமை.

2. மட்டம்: கொத்தனார் கையில் இருக்கும் பாடம்

சரிந்து நிற்கும் வண்டியை எத்தனை ஜாக் வைத்தாலும் அமைதிப்படுத்த முடியாது. கனம் ஒரு பக்கமே இழுத்துக்கொண்டிருக்கும். கொத்தனார் சுவர் எழுப்பும்போது ரசமட்டம் வைத்துப் பார்ப்பதுபோல, டிரெய்லர் தரையில் ஒரு மட்டம் வைத்துப் பாருங்கள். போனில் இருக்கும் மட்டம் பார்க்கும் ஆப் போதும். ஆனால், கேமரா மேடு தட்டாதபடி போனை வையுங்கள். இல்லையென்றால் மட்டமே பொய் சொல்லும்.

முதலில் இடம், வலம். தாழ்ந்திருக்கும் பக்கத்துச் சக்கரத்தை ஒரு கெட்டியான பலகை மேல் ஏற்றுங்கள். பலகை, டயரின் அகலத்தைவிடப் பெரிதாக இருக்க வேண்டும். செங்கல் வேண்டவே வேண்டாம். கனம் ஏறினால் பொடிந்துவிடும். ஹாலோ பிளாக்கும் அப்படித்தான்.

முன்னும் பின்னும் மட்டம் பார்ப்பது, காரைக் கழற்றிய பிறகு. அதற்கு முன் முக்கியமான ஒரு வேலை இருக்கிறது.

3. முட்டுக்கட்டை: ஆழித்தேர் சொல்லும் பாடம்

திருவாரூர் ஆழித்தேரை நினைத்துப் பாருங்கள். அலங்காரத்தோடு 96 அடி உயரம். எடை சுமார் 300 டன். திருச்சி பெல் நிறுவனம் அதற்கு ஹைட்ராலிக் பிரேக் பொருத்தியிருக்கிறது. இருந்தாலும், தேர் வீதியில் போகும்போது சக்கரத்துக்குப் பக்கத்திலேயே முட்டுக்கட்டையோடு ஆட்கள் நடக்கிறார்கள். தேரை நிறுத்துவதும் திருப்புவதும் அந்தக் கட்டைகளை வைக்கும் நேரத்திலும் கோணத்திலும்தான் இருக்கிறது.

பேச்சுவழக்கில் முட்டுக்கட்டை என்றால் தடங்கல். கேம்பருக்கு அதுதான் உயிர். காரோடு இணைந்திருக்கும்வரை டிரெய்லரைப் பிடித்துக்கொள்வது காரின் ஹேண்ட் பிரேக். கழற்றிய அந்த நொடியில் அந்தப் பிடிப்பு போய்விடும். அதனால், 'முதலில் முட்டுக்கட்டை, பிறகு கழற்றல்' என்பதை மாற்றவே கூடாது.

கட்டை முக்கோணமாக, டயரோடு ஒட்டி உட்காரும் வடிவில் இருக்க வேண்டும். ரப்பரில் கடைகளில் கிடைக்கிறது. தச்சரிடம் சொன்னால் மரத்தில் செய்துகொடுப்பார். உயரம், டயர் உயரத்தில் கால்வாசியாவது இருக்கட்டும். வழியில் கிடைக்கும் உருண்டைக் கல் உதவாது. டயரோடு சேர்ந்து அதுவும் உருளும்.

சரிவு இருக்கும் பக்கம் மட்டும் வைத்தால் போதாது. ஒவ்வொரு சக்கரத்துக்கும் முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இடைவெளி இல்லாமல் காலால் தட்டி இறுக்குங்கள். கட்டைக்கும் டயருக்கும் நடுவில் ஒரு விரல் இடம் இருந்தால், அந்த ஒரு விரல் தூரத்துக்கு டிரெய்லர் ராத்திரி முழுக்க முன்னும் பின்னும் போய்வரும். இரட்டை அச்சு டிரெய்லர் என்றால், இரண்டு டயர்களுக்கும் நடுவில் வைத்து திருகி விரிக்கும் பூட்டு கிடைக்கும். முன்பின் ஆட்டத்தை அது நன்றாகக் குறைக்கும். ஆனால், அதை முட்டுக்கட்டையோடு சேர்த்துத்தான் பயன்படுத்த வேண்டும்.

4. கால்கள்: மாட்டு வண்டியும் பெல்ட் வண்டியும் சொல்லும் பாடம்

மாட்டை அவிழ்த்துவிட்ட வண்டியைப் பார்த்திருக்கிறீர்களா? ஒரே அச்சு, இரண்டு சக்கரம். ஏர்க்காலுக்கு முட்டுக்கொடுக்காமல் பின்னால் நான்கு பேர் ஏறி உட்கார்ந்தால், முன்பக்கம் வானத்தைப் பார்க்கும். முன்பாரம், பின்பாரம் என்று வண்டிக்காரர்கள் கணக்குப் பார்த்து ஏற்றுவது இதற்காகத்தான். ஒற்றை அச்சு கேம்பரும் அதே வண்டிதான். நடுவில் அச்சு, இரண்டு பக்கமும் சீசா.

அதனால்தான் நான்கு மூலைக்கும் ஸ்டெபிலைசர் என்ற கால்கள் தேவைப்படுகின்றன. இங்கேதான் பெரும்பாலானோர் தவறு செய்கிறார்கள். ஸ்டெபிலைசரின் வேலை வண்டியைத் தாங்கிப் பிடிப்பது மட்டுமே. தூக்குவது அதன் வேலை இல்லை. டயர் தரையை விட்டு எழும்பும் அளவுக்குத் திருகினால், சேஸிஸ் முறுக்கிக்கொள்ளும். கதவு சரியாக மூடாது. கால் வளையும். கனத்தை எப்போதும் டயரே சுமக்க வேண்டும்; கால்கள் ஆட்டத்தை மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும்.

செய்முறை இதுதான். காரைக் கழற்றிய பிறகு, முன்பக்கத்தில் இருக்கும் ஜாக்கால் முன்பின் மட்டம் பாருங்கள். பிறகு, முன்பக்கத்தைக் கொஞ்சமாக இறக்குங்கள். பின்பக்கம் சற்றே எழும்பும். இப்போது பின்கால்கள் இரண்டையும் தரை தொடும்வரை இறக்குங்கள். அடுத்து முன்பக்கத்தை மறுபடி மட்டத்துக்கு உயர்த்துங்கள். பின்பக்கம் தானாக இறங்கி, கால்கள் மேல் அழுத்தமாக உட்காரும். கடைசியாக முன்கால்களை இறக்கி, தொட்ட பிறகு இன்னும் கொஞ்சம் மட்டும் திருகுங்கள். இதற்கு உடம்பு பலமே வேண்டாம்.

கால் எவ்வளவு நீளமாக நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அவ்வளவு வளையும். அதனால், கீழே அகலமான மரக்கட்டைகளை அடுக்கி, காலின் நீளத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். அடுக்கு, கீழே அகலமாகவும் மேலே குறுகலாகவும் இருக்கட்டும்.

அந்தக் கால்கள் களிமண்ணில் இறங்காமல் இருக்க? அறுவடை நேரத்தில் டெல்டாவில் "டயர் வண்டியா, பெல்ட் வண்டியா?" என்று கேட்பது வழக்கம். காய்ந்த வயலுக்கு டயர் வைத்த அறுவடை இயந்திரம் போதும். சேறு இருந்தால் பெல்ட் வண்டிதான். வாடகை அதிகம் என்றாலும் அதைத்தான் இறக்குவார்கள். காரணம், அகலமான பெல்ட் கனத்தைப் பரப்பிவிடும்.

உங்கள் கணக்கும் அதேதான். ஸ்டெபிலைசரின் பாதம் 4 அங்குலத்துக்கு 4 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 16 சதுர அங்குலம். அதன்மேல் 200 கிலோ இறங்கினால், ஒவ்வொரு சதுர அங்குலத்துக்கும் 12.5 கிலோ. அடியில் ஓர் அடிக்கு ஓர் அடி பலகை போட்டால், 144 சதுர அங்குலம். அழுத்தம் 1.4 கிலோவாகக் குறைந்துவிடும். ஒன்பதில் ஒரு பங்கு! ஆனால், பலகை மெலிதாக இருந்தால் நடுவில் வளைந்து, பரப்பும் வேலையைச் செய்யாது. 18 மி.மீ பிளைவுட் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாகப் போடுங்கள்.

5. குறுக்குக் கம்பு: சாரம் சொல்லும் பாடம்

நான்கு கால் வைத்தும் பக்கவாட்டில் ஆடுகிறதா? கட்டடத்துக்குக் கட்டும் சாரத்தைப் போய்ப் பாருங்கள். நிமிர்ந்த கம்பு, படுத்த கம்பு இவற்றோடு, சாய்வாக ஒரு குறுக்குக் கம்பும் கட்டியிருப்பார்கள். அதை அவிழ்த்துவிட்டால் சாரம் முழுக்க ஒரு பக்கமாகச் சாய ஆரம்பிக்கும்.

நான்கு குச்சிகளை நூலால் கட்டி ஒரு சதுரம் செய்து, மூலையில் தள்ளிப் பாருங்கள். எளிதாகச் சரியும். மூன்று குச்சியில் முக்கோணம் செய்து தள்ளுங்கள். அசையாது. பக்கங்களின் நீளம் மாறாமல் முக்கோணத்தின் வடிவம் மாறவே முடியாது. அந்தக் குறுக்குக் கம்பு சதுரத்தை இரண்டு முக்கோணமாக்கிவிடுகிறது.

கேம்பரிலும் இதையே செய்யலாம். ஒரு ஸ்டெபிலைசரின் அடியிலிருந்து எதிர்ப்பக்கச் சேஸிஸ் வரை சாய்வாக ஒரு இரும்புக் கம்பியோ குழாயோ போல்ட் போட்டு இணைக்க வேண்டும். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று, நீளவாக்கில் ஒன்று. இதற்கென்றே விற்கும் செட்டும் உண்டு; நல்ல வெல்டிங் பட்டறையிலும் செய்துகொள்ளலாம். ஒரே நிபந்தனை, இணைப்பு சேஸிஸ் இரும்பில்தான் இருக்க வேண்டும். தரைப் பலகையில் மாட்டினால், ஆட்டம் நிற்பதற்குப் பதில் பலகை பிய்ந்துவரும். கிளம்பும்போது கழற்றும்படி அமையுங்கள்.

6. பொறுமை: கல்லணை சொல்லும் பாடம்

கரிகாலன் கட்டிய கல்லணைக்கு அடியில் பாறை இல்லை, ஆற்று மணல்தான். மணலில் பெரிய கல்லைப் போட்டால் அது அரித்து இறங்கும். இறங்கட்டும் என்று விட்டு, அதன்மேல் அடுத்த கல்லை வைத்து, இனி இறங்காது என்ற நிலை வந்த பிறகு மேலே கட்டினார்கள். ஆழம் தெரியாத மணலில் அஸ்திவாரம் போடும் வித்தையைத் தாங்கள் கற்றுக்கொண்டது இந்த ஊர்க்காரர்களிடமிருந்துதான் என்று, 19-ம் நூற்றாண்டில் இங்கு வேலை பார்த்த ஆங்கிலேயப் பொறியாளர் ஆர்தர் காட்டன் பதிவு செய்திருக்கிறார்.

நமக்கு இதில் ஒரு சின்ன வேலை இருக்கிறது. எல்லாம் அமைத்து முடித்ததும், வீட்டில் எல்லோரையும் ஒருமுறை உள்ளே ஏறி நடமாடச் சொல்லுங்கள். ஒரு மணி நேரம் கழித்து மட்டத்தையும் கால்களையும் மறுபடி பாருங்கள். ஏதோ ஒரு கால் நிச்சயம் கொஞ்சம் இறங்கியிருக்கும். தளர்ந்ததை மட்டும் இறுக்குங்கள். மறுநாள் காலையில் இன்னொரு முறை. மழை பெய்தால், நின்றதும் ஒரு முறை. டெல்டா மண்ணில் ஒரே தடவையில் முடிகிற வேலை இல்லை இது.

உள்ளேயும் கொஞ்சம் கவனிங்க!

கனமான பாத்திரம், அரிசி, தண்ணீர் கேன் எல்லாம் கீழே இருக்கட்டும். மேல் அலமாரியில் துணிமணி போதும். தண்ணீர்த் தொட்டி பாதி நிறைந்திருந்தால் உள்ளே அலைபாயும். முடிந்தால் நிரப்பியோ, காலி செய்தோ வையுங்கள். சீசாவின் நடுவில் ஆட்டம் குறைவு. அதனால், பாட்டிக்கும் குழந்தைக்கும் அச்சுக்கு நேர் மேலே இருக்கும் படுக்கையைக் கொடுங்கள். ஏறும் படிக்கட்டுக்கு அடியில் ஒரு முட்டுக் கொடுத்தால், ஒருவர் ஏறி இறங்கும்போது மொத்த வண்டியும் குனிந்து நிமிர்வது குறையும்.

இது எதற்கெல்லாம் போதாது?

இவ்வளவும் செய்தாலும் வீட்டுத் தரை மாதிரி ஆகாது. சக்கரத்தில் நிற்கும் வண்டியில் கொஞ்சம் அசைவு இருக்கத்தான் செய்யும். அதுகூட வேண்டாம் என்று கால்களை மேலும் மேலும் திருகினால், சேஸிஸுக்குத்தான் கேடு. ஸ்டெபிலைசரை நம்பி யாரும் டிரெய்லருக்கு அடியில் போகக் கூடாது. மட்டம் பார்க்கும்போது உள்ளே யாரும் இருக்கக் கூடாது. அடுப்பும் எரியக் கூடாது.

காற்றுக்கும் எல்லை உண்டு. நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் கடற்கரையில் நிறுத்தினால், டிரெய்லரின் முன்பக்கம் காற்றைப் பார்க்கட்டும். அகலமான பக்கம் காற்றை வாங்கினால் ராத்திரி முழுக்கத் தாலாட்டுதான். வெளியே விரித்த கூடாரத் துணியையும் சுருட்டிவிடுங்கள். புயல் எச்சரிக்கை வந்துவிட்டால், இந்த ஆறு பாடத்தையும் மறந்துவிட்டு முதலில் இடத்தைக் காலி செய்யுங்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் இதே கரையைக் கடந்த கஜா, லட்சக்கணக்கான தென்னை மரங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. வேரோடு நின்ற மரத்துக்கே அந்த நிலை என்றால், நாலு ஜாக் எந்த மூலைக்கு?

கிளம்பும்போது வரிசை அப்படியே தலைகீழ். குறுக்குக் கம்பியைக் கழற்றுங்கள். கால்களை ஏற்றுங்கள். காரை மாட்டிப் பூட்டுங்கள், ஹேண்ட் பிரேக்கைப் போடுங்கள். எல்லாம் முடிந்த பிறகு, கடைசியாக முட்டுக்கட்டை. அவற்றை எண்ணி எடுத்து வையுங்கள். நாலு வைத்தால் நாலும் கைக்கு வர வேண்டும். களத்துமேட்டில் பலகை பதிந்த குழி இருந்தால், காலாலேயே மண்ணைத் தள்ளி மூடிவிடுங்கள். அடுத்த அறுவடைக்கு அங்கேதான் நெல் காயப்போகிறது.